மருந்து எந்தப் பக்கத்துலங்க?

மாதம்மாள் அன்று நூலகத்துக்குள் வந்தபோது கையில் ஒரு தக்காளிச் செடி இருந்தது. வேரோடு பிடுங்கியது. வேரில் ஒட்டியிருந்த செம்மண் வாசலில் தொடங்கி என் மேசை வரை உதிர்ந்துகொண்டே வந்தது. நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் ராசிபலனுக்குப் போனார்கள்.

அவர் யாரையும் கவனிக்கவில்லை. நேராக வந்து, வாசகர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டின் மேல் அந்தச் செடியைக் கிடத்தினார். இலைகள் எல்லாம் மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணம் போல் இருந்தன. பச்சைத் தக்காளிச் செடிக்கு என்று ஒரு வாசனை உண்டு. கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாசனை பழைய காகித வாசனையை அமுக்கிவிட்டது.

"மேடம், இதப் பாருங்க. எல சுருட்டிக்குதுங்க. நாலு பாத்தியில வந்துருச்சு. மருந்துக்கடைக்காரரு மாத்தி மாத்திக் குடுக்கறாரு. அடிச்சி அடிச்சி கை ஓஞ்சிபோச்சு. இங்க அதுக்குன்னே ஒரு புக்கு இருக்குதாமே?"

"யார் சொன்னது?"

அவர் சுவரைக் காட்டினார். என் தலைக்குப் பின்னால் நானே ஒட்டிவைத்த பட்டியல் அது. 'விவசாயிகளுக்குப் பத்து நூல்கள்.' அதில் ஏழாவதாக ஒரு பெயர்: 'இலை சுருளும் பருவம்.'

நான் எழுந்து போய் 635 என்று எண் போட்ட அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசகர் கேட்கிறார், நூலகர் எடுத்துக் கொடுக்கிறார். வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

யார் இந்த மாதம்மாள்?

பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு கிளை நூலகம். ஓய்வு பெறும்வரை கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் நான் அங்கேதான் குப்பை கொட்டினேன்.

மாதம்மாள் எட்டாவது வரை படித்தவர். வீட்டுக்காரர் ஓசூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். அரை ஏக்கர் கொல்லையை, அதாவது நிலத்தை, குத்தகைக்கு எடுத்துத் தனியாளாகத் தக்காளி வைத்திருந்தார். முந்தின வெள்ளாமை மழையில் போய்விட்டது. "இந்த வாட்டியும் போச்சுன்னா வேற ஆளுக்கு வுட்டுருவேன்" என்று நிலக்காரர் சொல்லிவிட்டார். அதனால் அவருக்கு அந்தச் சுருண்ட இலை வெறும் இலை இல்லை. நிலம் கையில் இருக்குமா, அடுத்தவர் நிலத்துக்குக் கூலிக்குப் போக வேண்டுமா என்பது அதில்தான் இருந்தது.

அவர் நூலக உறுப்பினர் ஆன கதையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் உறுப்பினர் சேர்க்கைக்கு இலக்கு கொடுத்தார்கள். நான் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய், இருந்தவர்கள் எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்களில் ஒருவரும் நூலகத்துக்கு வரவில்லை. வருவார்கள் என்று நானும் நினைக்கவில்லை. இலக்கு முடிந்தது, நல்ல பெயர் கிடைத்தது, அத்தோடு சரி. அந்தக் கூட்டத்தில் உறுப்பினர் அட்டை வாங்கியவர்களில், அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து தேவை வந்தபோது எடுத்துக்கொண்டு வந்த ஒரே ஆள் மாதம்மாள்.

புத்தகத்தைக் கொடுக்கும்போது வழக்கமாக நான் நடத்தும் பிரசங்கத்தை அவருக்கும் நடத்தினேன்.

"முதல் பக்கத்திலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கணும். பாதி படிச்சிட்டு வந்து என்கிட்ட கேள்வி கேக்கக் கூடாது. இங்க நிறையப் பேருக்கு அதான் வியாதி."

"இல்லீங்க மேடம். முழுசாப் படிச்சிட்டே வரேன்."

புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டார். செடியை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். நான் அதை ஜன்னல் வழியாக வெளியே வீசினேன்.

வியாழக்கிழமைப் பரிந்துரை

அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் கதை நிற்காது.

ஒரு நாள் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. நூலகத்துக்கு ஆட்கள் வராததற்குக் காரணம் நூலகர்கள் புத்தகங்களைப் பரிந்துரைக்காததுதான் என்று கண்டுபிடித்தார்கள். கூரை ஒழுகுவது, கழிப்பறை இல்லாதது, மின்விசிறி சுற்றாதது எல்லாம் காரணம் இல்லை. உடனே ஒரு வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு வியாழனும் மாலை ஐந்து மணிக்குள் ஒவ்வொரு நூலகரும் ஒரு புத்தகத்தின் அட்டையைப் படம் எடுத்து, நாலு வரி எழுதிப் போட வேண்டும். போடாதவர்கள் பெயர் வெள்ளிக்கிழமை சிவப்பு எழுத்தில் வரும்.

படித்துவிட்டுப் போட வேண்டும் என்று உத்தரவில் எங்கேயும் இல்லை. நாங்கள் உத்தரவை மீறாதவர்கள்.

வியாழன் நாலே முக்கால் மணிக்கு அந்தக் குழுவைப் பார்க்க வேண்டும். சந்தை முடியும் நேரத்தில் மிச்சக் காய்கறியைக் கூறு கட்டித் தள்ளுவார்களே, அந்த வேகம். எல்லாப் பரிந்துரையும் ஒரே வாக்கியம்: 'மிகவும் பயனுள்ள நூல். அனைவரும் வாசித்துப் பயன்பெறவும்.' சமையல் புத்தகத்துக்கும் அதேதான், சமாதி நிலை பற்றிய புத்தகத்துக்கும் அதேதான்.

அரூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் மூன்று பாக நாவல் ஒன்றின் இரண்டாம் பாகத்தை மட்டும் விடாமல் பரிந்துரைத்துவந்தார். ஏனென்றால் அவருடைய நூலகத்துக்கு இரண்டாம் பாகம் மட்டும் ஐந்து பிரதி வந்திருந்தது. முதல் பாகம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கதாநாயகன் ஏன் சிறையில் இருக்கிறான் என்று தெரியாமலே அவர் ஊர் மக்கள் கதையைப் 'படித்துப் பயன்பெற்றார்கள்'.

இன்னொரு அம்மையார் ஒருமுறை அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துப் போட்டார். அதற்கும் பதினொரு கட்டைவிரல்கள் விழுந்தன. மேலதிகாரியின் கட்டைவிரல்தான் முதலில் விழுந்தது.

பெரிய இடங்களும் எங்களுக்குச் சளைத்தவை இல்லை. பத்திரிகைகளில் 'புது வரவு' என்று ஒரு பெட்டி வரும். பின்னட்டையில் பதிப்பகத்தார் எழுதியதை அப்படியே இறக்கிவைத்திருப்பார்கள், அச்சுப்பிழை உட்பட. புத்தகக் கண்காட்சி வந்தால் போதும். இந்த ஆண்டு வாசித்தே ஆக வேண்டிய நூல்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் முகநூலில். பட்டியல் போட்டவரின் நண்பர்கள் எழுதியவை, நண்பர்களின் மனைவிமார் எழுதியவை, அடுத்த ஆண்டு பட்டியல் போடப்போகிறவர் எழுதியவை. முடிந்தது.

எங்கள் பாலக்கோட்டு மண்டியில் தக்காளி ஏலம் எடுக்கிறவர் பெட்டியின் மேலடுக்கைப் பார்த்து விலை சொல்லமாட்டார். கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதில் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். தக்காளிக்கு இருக்கிற அந்த மரியாதையைப் புத்தகத்துக்குக் கொடுக்கிற ஒருவரை என் பணிக்காலத்தில் நான் மேலிடத்திலும் பார்க்கவில்லை, கீழிடத்திலும் பார்க்கவில்லை.

சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு முன்னாள் சக ஊழியர் ஒருவர் போன் செய்தார். "மேடம், எல்லாரையும் போட்டுத் தாளிக்கறீங்களே, உங்களப் பத்தி எப்ப எழுதப்போறீங்க?" என்று கேட்டார். இதோ, எழுதுகிறேன்.

வளர்ந்துகொண்டே போன பரிந்துரை

ஒரு வியாழன். மணி நாலு ஐம்பது. நான் எதுவும் தயார் செய்யவில்லை. எழுந்து போய்க் கைக்கு எட்டிய அலமாரியிலிருந்து ஒன்றை உருவினேன். பச்சை அட்டை. அட்டையில் ஓர் இலை. முதுகில் 635 என்ற சீட்டு. நூலகம் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் அலமாரிகளில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு. 635 என்றால் காய்கறி, தோட்டப் பயிர். எண்ணைப் பார்த்தால் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. அந்த எண் எங்களுக்குச் செய்துகொடுத்திருக்கிற பெரிய சௌகரியம் அதுதான்.

'இலை சுருளும் பருவம். தக்காளி விவசாயிகளுக்கு மிகவும் பயனுள்ள நூல்' என்று எழுதி அனுப்பினேன். நாலு ஐம்பத்திரண்டு.

ஏரியூர்ப் பக்கம் இருந்த ஒருவர் அதை எடுத்துத் தன் ஊர் விவசாயிகள் குழுவில் போட்டார். சும்மா போடவில்லை, 'எளிய நடையில் எழுதப்பட்டுள்ளது' என்று சேர்த்துப் போட்டார். அதைப் பார்த்த இன்னொருவர், 'இலைச் சுருள் நோய்க்கான தீர்வுகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன' என்றார். மூன்றாவது ஆள் 'விளக்கப் படங்களுடன்' என்றார். நாலாவது ஆள் 'அனுபவம் மிக்க விவசாயி எழுதியது' என்றார்.

ஒரு மாதத்தில் அந்தச் செய்தி ஊரெல்லாம் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. படித்துப் பார்த்தேன். அடேயப்பா, இவ்வளவு நல்ல புத்தகமா நம் அலமாரியில் இருக்கிறது என்று எனக்கே ஆச்சரியம். இத்தனை பேர் சொல்லும்போது பொய்யாகவா இருக்கும் என்று நம்பிவிட்டேன். அந்த இத்தனை பேருக்கும் சொன்னது நான் ஒருத்திதான் என்பது மறந்துபோயிற்று.

பிறகு மேலிடம் அதைப் பத்து நூல்கள் பட்டியலில் சேர்த்தது. மாதாந்திரக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். ஒரு சால்வை போர்த்தினார்கள். கேரட் அல்வாவும் காராபூந்தியும் கொடுத்தார்கள். அல்வா நன்றாக இருந்தது.

கடைசிப் பக்கம்

மாதம்மாள் திரும்பி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் தவணையை நீட்டிக்கச் சொல்லி யாரிடமோ அட்டையைக் கொடுத்தனுப்பினார். "பாருங்க, எவ்வளவு அக்கறையாப் படிக்கிறாங்க" என்று அப்போதும் நான் ராசிபலன்காரர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

இந்த முறை அவர் கையில் செடி இல்லை. புத்தகத்தை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நாளிதழில் அட்டை போட்டிருந்தார். புத்தகம் முழுக்க, பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒன்று என்று, உலர்ந்த தக்காளி இலைக்காம்பு அடையாளமாக இருந்தது.

"மேடம், முழுசாப் படிச்சிட்டங்க. ஒரு எழுத்து வுடல."

"ரொம்ப நல்லது மாதம்மா. எப்படி இருந்துச்சு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். தன்னிடம்தான் ஏதோ தப்பு என்பது போல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மருந்து எந்தப் பக்கத்துலங்க இருக்குது?"

"என்னது?"

"நான் தேடித் தேடிப் பாத்துட்டங்க. அந்தப் பொண்ணு கல்யாணம் ஆயி டவுனுக்குப் போகுது. புருஷன் சரியில்ல. அம்மா வூட்டுக்கு வருது. சரி, இங்க வெவசாயம் இருக்கும், இங்க சொல்லுவாங்கன்னு பாத்தேன். இல்ல. மறுபடியும் புருஷன் வூட்டுக்குப் போகுது. நூத்தி நாப்பதாம் பக்கத்துல மாடியில ஒரு தொட்டிச் செடி வருதுங்க. அதுக்கு எல சுருளுது. சரி, இப்ப வந்துருச்சின்னு எழுந்து உக்காந்து படிச்சேன். அதுக்குத் தண்ணி ஊத்திட்டு அழுவுறா. அவ்ளோதாங்க. அப்புறம் அந்தச் செடி வரவேயில்ல."

நான் புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். அதை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. முதல் பக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் கணவனுக்காகக் காத்திருந்தாள். நாவல்.

என் காது சூடாயிற்று. கேட்டிருக்கவே கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"நாவல்னு பாதியிலயே தெரிஞ்சிருக்குமே மாதம்மா. அப்பவே வந்து கேட்டிருக்கலாம்ல?"

"நீங்கதாங்க பாதியில வந்து கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

"செடி எப்படி இருக்கு?" என்றேன்.

"பக்கத்துக் கொல்லைக்காரரு அப்பவே சொன்னாருங்க, சுருண்டதப் புடுங்கிப் போடு, இல்லன்னா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்னு. நான்தான், லைப்ரரி மேடம் புக்கு குடுத்துருக்காங்க, படிச்சி முடிச்சிட்டு செய்யறன்னு சொன்னேன். அந்தத் தொட்டிச் செடி வந்ததும் தண்ணி பத்தலையோன்னு நெனச்சி, அந்த நாலு பாத்திக்கும் தண்ணி சேத்துக் கட்டினேன். இப்ப பாதிக் கொல்லைக்கு மேல போயிருச்சுங்க."

முதுகு இல்லாத தாள்கள்

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் மேசைக்கு ஒரு கால் குட்டை. அது ஆடாமல் இருக்க அடியில் ஒரு கட்டுப் பிரசுரங்களைக் கொடுத்திருந்தேன். பயிர் நோய்கள் பற்றி எங்கிருந்தோ வந்தவை. ஒரே தாளை மூன்றாக மடித்தது. புத்தகம் என்றால் முதுகு இருக்கும், முதுகில் எண் ஒட்டலாம், எண் ஒட்டினால் அலமாரியில் ஏற்றலாம். மடித்த தாளுக்கு முதுகு ஏது? எண் ஒட்ட இடம் இல்லை. எண் இல்லாத பொருளுக்கு எங்கள் உலகத்தில் இடம் இல்லை. ஆகவே மேசைக்காலுக்குப் போயிற்று.

நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கட்டை உருவினேன். மேசை சாய்ந்து, மேலே இருந்த பசை டப்பா உருண்டு விழுந்தது. நாலாவது தாளிலேயே இருந்தது. 'தக்காளியில் இலைச் சுருள் நோய்.' உரக்கப் படித்தேன். இது நச்சுயிரியால் வருவது, வெள்ளை ஈ பரப்புவது, நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது, தொடக்கத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். மொத்தம் ஒரு பக்கம். படிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை.

மாதம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கொல்லைக்காரரு சொன்னது சரிதானுங்களா?"

"சரிதான்."

"மருந்தே இல்லீங்களா?"

"இல்லை."

வெட்கமாக இருந்தது. அதைவிட நாசூக்கான சொல் எதையும் நான் தேடப்போவதில்லை. இருபத்தெட்டு வருடம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள், உட்கார்ந்த இடத்துக்குக் கீழேயே கிடந்த ஒரு தாளைப் படிக்காததால் ஒருத்தியின் வெள்ளாமை போய்க்கொண்டிருந்தது. என் குழு நண்பர்களைப் பற்றி மேலே எழுதிய எல்லாவற்றையும் விட நான் கேவலம். அவர்களுடைய பரிந்துரையை யாரும் நம்பவில்லை. என்னுடையதை ஒருவர் நம்பினார்.

635 என்ற எண்ணை அந்தப் புத்தகத்துக்குப் போட்டது யார் என்று அன்றைக்கே பார்த்தேன். பதிவேட்டில் என் கையெழுத்துதான். தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரே மதியத்தில் ஒரு கட்டுப் புத்தகத்துக்கு எண் ஒட்டிய நாள் அது. அட்டையில் இலை, பெயரில் இலை. ஒட்டிவிட்டேன். பிறகு வியாழக்கிழமை வந்து, நான் ஒட்டிய எண்ணை நானே நம்பிப் பரிந்துரைத்தேன்.

மாதம்மாள் கிளம்பும்முன், "ஒரு பேனா குடுங்க" என்றார். புகார் எழுதப்போகிறார், நியாயம்தான் என்று ஆலோசனைப் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, திருப்பித்தரும் தேதி குத்துகிற சீட்டு ஒட்டியிருக்குமே, அதற்குக் கீழே, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினார். புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டவனைக்கூட அட்டையைப் பிடுங்கி அனுப்பியவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எழுதி முடித்துப் பேனாவின் மூடியைப் போட்டுக் கொடுத்தார். அவர் எழுதியது இதுதான்:

'இதில் மருந்து இல்லை. யாரும் தேட வேண்டாம். கதை பரவாயில்லை.'

திருத்தமும் கட்டைவிரலும்

அந்த வாரம் வியாழன் வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே குழுவில் எழுதினேன். 'இலை சுருளும் பருவம் ஒரு நாவல். வேளாண் நூல் அல்ல. நான் படிக்காமல் பரிந்துரைத்தேன். தயவுசெய்து பட்டியலிலிருந்து நீக்கவும்.'

ஐந்து நிமிடத்தில் பதில்கள் வந்தன. 'அருமை மேடம்.' 'வாழ்த்துகள்.' 'பயனுள்ள பதிவு.' மேலதிகாரி கட்டைவிரல். அரூர்ப் பக்கத்து நண்பர் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு, கீழே இரண்டாம் பாகத்தின் அட்டையைப் போட்டார்.

மறுநாள் நேரில் போய்ச் சொன்னேன். அதிகாரி மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்.

"பட்டியலுக்கு ஒப்புதல் வாங்கியாச்சுங்க மேடம். இப்ப ஒண்ண எடுத்தா ஒம்போது ஆயிடும். தலைப்புல பத்துன்னு இருக்குது."

"அப்ப வேற ஒண்ணச் சேருங்க சார்."

"யாரு படிச்சிப் பாத்துச் சேக்கறது?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

இது நீங்க படிச்சதுங்களா?

மாதம்மாள் மிச்சம் இருந்த செடிகளைக் காப்பாற்றப் பார்த்தார். நோய் கண்டதை எல்லாம் பிடுங்கினார். வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டையில் எண்ணெய் தடவிக் கொல்லை முழுக்க நட்டார், அந்த மடித்த தாளில் போட்டிருந்தபடியே. ஆனால் பிந்திவிட்டது. பறித்த காய் சந்தைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு இல்லை. நிலக்காரர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அடுத்த போகத்துக்கு அந்த அரை ஏக்கர் வேறு ஒருவருக்குப் போயிற்று. மாதம்மாள் இப்போது மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறார். அந்த வாசனை இன்னும் அவர் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் செடி அவருடையது இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேடம், வேணும்னா செஞ்சீங்க?" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இல்லை. வேண்டுமென்று செய்கிறவர் ஒருமுறை செய்வார். நான் வாரா வாரம் செய்துகொண்டிருந்தேன்.

அவர் நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாதபோது வருவார். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைப்பார். முத்திரை குத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

"இது நீங்க படிச்சதுங்களா?"

இல்லை என்றால் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். கோபம் எதுவும் கிடையாது. கடையில் பழைய சரக்கு என்று தெரிந்தால் கீழே வைத்துவிட்டு நகர்வோமே, அப்படி. முதல் ஞாயிறு ஐந்து புத்தகங்களைத் தொடர்ந்து கொண்டுவந்தார். ஐந்துக்கும் இல்லை என்றேன். ஆறாவதைக் கொண்டுவரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்.

இருபத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் புத்தகங்களை எண்ணினார்கள், தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். படித்தாயா என்று கேட்கவில்லை. நான் அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். புண்ணியத்துக்காக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு அந்த அம்மா வந்து நிற்பாரே என்ற பயம்.

முதலில் படித்தது 'இலை சுருளும் பருவம்'. மாதம்மாள் சொன்னது சரி. கதை பரவாயில்லை. அந்தத் தொட்டிச் செடியைத்தான் அப்படியே விட்டிருக்கக் கூடாது.

ஓய்வு பெற்ற நாளில் மறுபடியும் ஒரு சால்வை. மறுபடியும் கேரட் அல்வா. வாசித்துக் கொடுத்த பாராட்டுமடலில், விவசாயிகளுக்கு நூல் பரிந்துரைப்பதில் நான் மாவட்டத்துக்கே முன்னோடி என்று அச்சடித்திருந்தார்கள். எழுதியவர் அதையாவது படித்துப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

சாவியை ஒப்படைக்கும் முன் அந்தப் புத்தகத்தின் முதுகிலிருந்து 635 சீட்டைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்து, நாவல் அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். கடைசிப் பக்கத்தில் மாதம்மாள் எழுதியதைத் தொடவில்லை. பத்து நூல்கள் பட்டியல் இன்னமும் பல கிளைகளின் சுவரில் தொங்குகிறது. ஏழாவது இடத்தில் அதே பெயர், பக்கத்தில் நான் எழுதிய வரி.

ஆக, அந்தப் புத்தகத்துக்கு இதுவரை இரண்டு மதிப்புரைகள் வந்திருக்கின்றன. ஒன்று நான் எழுதியது. இன்னொன்று படித்துவிட்டு எழுதியது.